ராஜா உப்புமா

மீந்த சாப்பாட்டுக்குப் புதுப் பெயர் ஒன்றை வைத்துவிட்டால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிடும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது ரத்தினபாய் அக்கா. என் மகள் எப்சிபா பால்குடி மறந்த வருஷம் அது. அக்கா அப்போது பெண்பிள்ளைகள் போர்டிங் ஒன்றில் தலைமைச் சமையல். என் வீட்டுக்காரர் தங்கையா அவளுக்குக் கீழே காய் வெட்டுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

நீ இந்த டப்பாவைப் பார்க்கிறது எனக்குத் தெரியும் மக்களே. எங்கள் பக்கம் ஒரே பிள்ளையைக் கூப்பிட்டாலும் மக்களே என்றுதான் வாயில் வரும். தாராபுரம் தாண்டினதிலிருந்தே பார்க்கிறாய். "வாசனை தூக்குதே, சாப்பிடலையாம்மா" என்று கேட்டாய். அப்புறம் என்றேன். பஸ்ஸை நிறுத்தினபோது இறங்கிப் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய். டீ வாங்கித் தந்த பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் டப்பாவை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் ரத்தினபாய் அக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன். இவள் ஊரைச் சுற்றி வருகிறாளே என்று நினைக்காதே. நீ மதுரையில்தானே இறங்குகிறாய். அதற்குள் சொல்லிவிடுவேன்.

போர்டிங்கில் மீந்ததைச் சமையற்கட்டு ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அங்கே அது வழக்கம். யாரும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. வார்டனம்மா முன்னாலேயே தூக்குவாளியை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. அது பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம் இல்லை. அண்டாவில் மீந்தது. தட்டு வேறு, அண்டா வேறு. அதில் என் வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பு. நானும்தான்.

முதல்நாள் வாளியில் வந்தது இட்லி. காலையில் அவித்தது, சாயங்காலத்துக்குள் விறைத்துப்போயிருந்தது. என் மூத்தவன் ரூபன் அதைத் தொடவே மாட்டேன் என்று சுவரோரம் போய் நின்றுகொண்டான். மறுநாள் கோயிலில் வைத்து ரத்தினபாய் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"ஏட்டி, நேத்து இட்லின்னு சொல்லிக் கொடுத்தா எந்தப் பிள்ளைதான் திங்கும்? அதை உதிர்த்து, கடுகு உளுந்து தாளிச்சு, வெங்காயம் போட்டுப் புரட்டு. ராஜா உப்புமான்னு சொல்லு. ராஜா இதைத் தின்னுட்டுத்தான் சண்டைக்குப் போவாருன்னு சொல்லு. பிள்ளைகளுக்கு முதல்ல காதுதான் சாப்பிடும். வாய் பிறகுதான்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இட்லி மீந்தால் ராஜா உப்புமா. சாம்பாரும் பொரியலும் மீந்தால் சாம்பாரில் அரிசி மாவைப் போட்டுப் பிசைந்து, பொரியலை உள்ளே கலந்து, தோசைக்கல்லில் தட்டிப் போட்டால் பெத்லகேம் அடை. சப்பாத்தி தோல் மாதிரி வரும், அதைக் கத்தரியால் நறுக்கி வெயிலில் காயவைத்து, பொரித்துச் சீனி தூவினால் கப்பல் பிஸ்கட். விருந்து நாளில் எல்லாக் கறியும் கொஞ்சம் கொஞ்சம் மீந்து வரும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றி, அடுப்பைத் தணித்து வைத்து, மணிக்கணக்கில் சுண்டவிட வேண்டும். சுண்டக்கறி என்று ஊரெல்லாம் சொல்வது. எங்கள் வீட்டில் அதற்குச் சாலொமோன் குழம்பு என்று பெயர். சாலொமோன் ராஜாவுக்கு ஒரே சட்டியில் இத்தனை ருசி வேண்டியிருந்தது என்று நான்தான் கதை கட்டினேன். ஆண்டவர் மன்னிப்பார்.

வாளியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன். துளி புளிப்பு இருந்தாலும் கோழிக்குத்தான். நன்றாக இருந்தால் கையை அதன்மேல் வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவேன். இவர் வாசலில் நின்று, "என்ன பிள்ளை, இட்லிக்கு ஞானஸ்நானம் ஆயிட்டா? பேரு என்ன வச்சே?" என்பார். அவருக்கு எதிலும் கேலிதான்.

கெட்டுப்போனது எதையும் நான் என் பிள்ளைகளுக்குத் தந்ததில்லை மக்களே. அதை இப்போதும் எந்தப் பீடத்துக்கு முன்னாலும் நின்று சொல்வேன்.

ரூபன் காரியம் வேறு. அவன் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது வயிற்றோட்டம் வந்து துணி மாதிரி ஆகிவிட்டான். சாப்பாட்டால் வந்தது இல்லை, ஊரெல்லாம் அப்போது தண்ணீர் சரியில்லை. ஆனாலும் எனக்குப் பயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை பண்ணினேன். இவனைத் தந்துவிடும் ஆண்டவரே, இனி இவன் தட்டில் பழையது வைக்கமாட்டேன், தினம் இவனுக்கென்று புதுச் சோறு வடிப்பேன் என்று. பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையை மாற்ற முடியுமா? ஒரு சின்னப் பானை வாங்கினேன். அதில் அவனுக்கு மட்டும் ஒரு நேரத்துக்கு அரிசி. கூட ஒரு முட்டை, இல்லையென்றால் ஒரு துண்டு கருவாடு. அந்த வீட்டில் எங்களுக்கு முடிந்தது ஒரு சின்னப் பானைதான்.

எப்சிக்கு அந்த மாதிரி எதுவும் வந்ததில்லை. அவள் ஒருநாளும் சீக்கில் படுக்காத பிள்ளை. படுத்திருந்தால் அவளுக்கும் பொருத்தனை பண்ணியிருப்பேன்.

அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. தந்ததைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். கோயில் ஐக்கிய சங்கத்துப் பெண்களிடம் நான் பெருமையாகச் சொல்வேன், என் மகளை வளர்த்தது எனக்கே தெரியவில்லை என்று. சாப்பிடும்போது அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவாள். அவன் தட்டில் சூடாகச் சோறு போடுவேன் இல்லையா, ஆவி பறக்கும். இவள் தன்னுடைய அடையை இடது பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் தட்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி அந்த ஆவியில் காட்டுவாள். மார்கழியில் குளிர்காய்கிற மாதிரி. ரூபன், "எம்மா, இவளைப் பாரு" என்று கத்துவான். நானும் இவரும் சிரிப்போம். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இல்லை, வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை கேட்டாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, "எம்மா, அண்ணன் பானையில எனக்கும் ஒரு பிடி போடேன்" என்றாள். "அது ஆண்டவருக்குச் சொன்ன பானைட்டி" என்றேன். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளை.

அவள் படித்ததும் அந்தப் போர்டிங் பள்ளிக்கூடத்தில்தான். போர்டிங் பிள்ளைகளும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். மதியத்துக்கு இவளுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதை முழுவதும் அந்த டப்பாவில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அது போன வாரம்வரை தெரியாது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடின பிறகு நான் ஊரில் தனியாகத்தான் இருந்தேன். திசையன்விளை பக்கத்தில் எங்கள் வீடு. ரூபன் பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு வேலை அதிகம், பாவம், வருஷப் பிறப்புக்குப் பேசுவான். அவன் வீட்டில் சமையலே கிடையாதாம், தினமும் கடையிலிருந்து சூடாக வந்துவிடுமாம். பார், நான் செய்த பொருத்தனையை ஆண்டவர் அங்கேயும் காப்பாற்றுகிறார். வீடு சின்னது என்பதால் என்னைக் கூப்பிட முடியவில்லை.

கூப்பிட்டது எப்சிதான். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. மாப்பிள்ளை ஸ்டான்லி தங்கமானவர். ஒரே பெண்குழந்தை, ஷைனி, இரண்டாம் வகுப்பு. "தனியா என்னத்துக்கும்மா அங்க கிடக்கே? வீட்டைப் பூட்டிட்டு வந்துரு. இங்கேயே இரு" என்றாள். ஒரு பெண்ணைப் பெற்றவளுக்கு இதைவிடக் காதுக்கு இனிமையான வார்த்தை உண்டா? கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஐக்கிய சங்கத்தில் எனக்காக ஜெபம் பண்ணி, ஒரு சேலை போர்த்தி, நிரந்தரமாகப் போகிறாள் என்று அழுது அனுப்பினார்கள். இந்தச் சேலைதான் அது. இதையே கட்டிக்கொண்டு திரும்பிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

எப்சி வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். எனக்கு ஒரு அறை, கட்டில், ஜன்னலோரத்தில் வேதாகமம் வைக்க ஒரு மேஜை. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது. சின்ன டம்ளரில் அளந்துதான் அரிசி போடுவாள். தோசையை எத்தனை பேர், எத்தனை என்று கேட்டுத்தான் ஊற்றுவாள். அப்படியும் ஒரு கரண்டி குழம்பு மிஞ்சிவிட்டால், சூடு ஆறுவதற்குள் கீழே வாட்ச்மேனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சட்டியைக் கழுவிவிடுவாள். பிரிட்ஜைத் திறந்தால் பாலும் பச்சைக் காயும்தான். இரவு விளக்கை அணைக்கும்போது சமையற்கட்டில் மூடி வைத்த பாத்திரம் ஒன்றுகூட இருக்காது, எல்லாம் கழுவிக் கவிழ்த்தது. மூடி வைத்த சட்டி ஒன்றுகூட இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வருமா மக்களே? குடியிருக்கிற வீடு மாதிரியே இல்லை.

"ஏன்ட்டி இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பழக்கம் அப்படிம்மா" என்றாள்.

மாப்பிள்ளை செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மாமி, எங்க வீட்ல பசிச்சா நேரத்தோட பசிக்கணும். லேட்டா பசிச்சா ஒண்ணும் கிடையாது" என்றார். எப்சியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் எனக்கு வேலை இல்லை. ஷைனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அந்தப் பிள்ளைக்கு என் கையால் ஏதாவது செய்து தர வேண்டும் என்று ஆசை. நான் என்ன செய்வேன், சொல். சோறு வடிப்பேன், குழம்பு வைப்பேன், அது யாரும் வைப்பதுதான். ஒரு பிள்ளையைச் சிரிக்கவைக்கிற சாப்பாடு என்றால் எனக்கு மீந்ததிலிருந்துதான் வரும். இந்த வீட்டிலோ மீந்தது என்று ஒன்று கிடையாது.

அதனால் நானே மிஞ்ச வைத்தேன். காலையில் இட்லி ஊற்றுவது என் பொறுப்பாக இருந்தது. நாலு குழி கூடுதலாக ஊற்றினேன். அந்த நாலையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஷைனி வந்ததும் உதிர்த்துத் தாளித்துக் கொடுத்தேன்.

"இது என்ன ஆச்சி?"

"ராஜா உப்புமா. ராஜா இதைத் தின்னுட்டுத்தான் சண்டைக்குப் போவாரு."

பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாயில் போட்டுக்கொண்டு, "நான் யாரோட சண்டைக்குப் போக?" என்று கேட்டது. என் மகள் அந்த வயதில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பேசாமல் தின்பாள். இந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டுத் தின்றது. எனக்கு இழந்துபோன ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரவு ஜெபத்தில் நன்றி சொல்லி அழுதேன்.

பிறகு பிள்ளை அது பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும் என்றது. எப்சி கட்டி வைத்த டப்பாவோடு இன்னொரு சின்ன டப்பாவையும் பையில் வைத்துவிட்டேன். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சொன்னால் அவளுக்குச் சிரமம், வீணாக யோசிப்பாள் என்று சொல்லவில்லை.

போன வாரம் எப்சி வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஷைனி ஓடிப்போய், "அம்மா, எங்க மிஸ் என் டப்பாவைப் பார்த்து இது என்னன்னு கேட்டாங்க. நான் ராஜா உப்புமான்னு சொன்னேன். நேத்து இட்லியில எங்க ஆச்சி செய்யுறதுன்னு சொன்னேன்" என்றது.

எப்சி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். பிள்ளையின் பையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்தாள். திறந்து முகர்ந்து பார்த்தாள். வாளியைத் திறந்து நான் முகர்கிற மாதிரியே, மூக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து. பிறகு பிள்ளைக்கு முன்னால் முழங்கால் போட்டு, தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கிளாஸ்ல யாராவது சிரிச்சாங்களா?"

"இல்லியே."

"யாராவது ஏதாவது பேரு சொன்னாங்களா? உண்மையைச் சொல்லு."

"இல்லம்மா. மேகலாவும் கேட்டா. பாதி அவளுக்குக் கொடுத்தேன்."

அவ்வளவுதான், எப்சி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை என்று பிள்ளை சொன்ன பிறகு எதற்கு அழ வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை வந்து, "எப்சி, விடு, மாமி தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றார். ஷைனியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம்தான் சொன்னாள். சமையற்கட்டில், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நேத்து என்று பேராம். போர்டிங் பிள்ளைகள் வைத்தது. "நேத்து வாரா பாரு." "நேத்து, இன்னைக்கு உன் டப்பாவில எங்க போர்டிங் கறி எது?" ஆறாம் வகுப்பில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் முடிகிறவரை அதுதான் அவள் பேராம். டீச்சர் ஒருத்திகூட மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டாளாம்.

"அவங்களுக்கு எப்படிட்டி தெரியும்?" என்றேன். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. "நான்தான் ஆளே தெரியாம மாத்திருவேனே. அடையாத்தானே வரும் உனக்கு?"

"நீ பேரை மாத்துனே எம்மா. அப்பா வெட்டை மாத்தலையே" என்றாள்.

அவர் சீனியவரைக்காயைச் சாய்த்துத்தான் வெட்டுவார். நீங்கள் கொத்தவரங்காய் என்பீர்கள். எல்லாரும் குறுக்கே பொடிப்பொடியாக நறுக்குவதை இவர் கத்தியைப் படுக்கவைத்து நீளச் சாய்வாக, கோழி இறகு மாதிரி வெட்டுவார். அந்த வட்டாரத்திலேயே வேறு யாருக்கும் அந்த வெட்டு வராது. போர்டிங் பிள்ளைகள் அதைத் தினம் தட்டில் பார்க்கிறவர்கள் இல்லையா. இவள் பெத்லகேம் அடையைப் பிட்டதும் உள்ளிருந்து அந்தச் சாய்வுத் துண்டு எட்டிப் பார்த்திருக்கிறது. அப்பா பாவம், நொந்துபோவார் என்று அவரிடமும் சொல்லவில்லையாம். என்னிடமும் சொல்லவில்லையாம். அப்பா கை வெட்டை வாயில் வைத்துக்கொண்டே அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு இருந்தாளாம்.

நான் கேட்டேன், "ஏன்ட்டி, பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னதை இத்தனை வருஷமா மனசில வச்சிருக்கியா? கெட்டுப்போனதையா தந்தேன்? ஒருநாள் வயிறு வலிக்குன்னு படுத்திருக்கியா?"

"இல்லம்மா. படுக்கல."

"பின்னே?"

"ஒருநாள் அண்ணன் பானையில ஒரு பிடி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"அது பொருத்தனைப் பானை மக்களே."

"எனக்கும் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கலாமேம்மா."

"நீதான் ஒருநாளும் சீக்கில படுக்கலையே" என்றேன்.

உள்ளதைத்தானே சொன்னேன்? அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அழுதிருந்தால் கண்ணைத் துடைத்துவிட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சிரிப்பை என்ன செய்ய?

அன்றைக்கு இரவு அறையில் முழங்காலில் நின்று, என் மகள் மனதில் இருக்கிற கசப்பை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று கேட்டேன். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் ஜெபம் பண்ணுவேன். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். காலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மா, கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வா. எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. நீ அடுப்பு முன்னால நிக்கிறதைப் பார்த்தா எனக்குப் பழையபடி ஆயிருது. வேலைக்குப் போனாலும் அதே நினைப்புத்தான். கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை நாள்?" என்றேன்.

"தெரியலம்மா" என்றாள்.

பெட்டியைக் கட்டினேன். ஷைனியிடம் கோழிகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அது, "கோழிக்கும் ராஜா உப்புமா கொடுப்பியா?" என்றது.

இன்றைக்குக் காலையில் விடியுமுன் சமையற்கட்டில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். எப்சி கதவுக்குக் குறுக்கே கையை வைத்து, "நீ உக்காரும்மா. இன்னைக்கு உள்ள வராதே" என்றாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேங்காய் துருவுகிற சத்தம். தாளிப்பு. பலகையில் கத்தி படுகிற சத்தம், நிதானமாக, விட்டு விட்டு. ஒரு பானையை இறக்கி வைத்தாள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். நீ அப்போதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். உன்னிடம்கூட, "எங்கம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொன்னாளே. இந்த டப்பாவைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து என் காதுப் பக்கத்தில் சொன்னாள். நீ கேட்டிருக்கமாட்டாய்.

"எம்மா, இது உனக்குன்னு வச்சது. எங்க யாருக்கும் இதில எடுக்கல. சூடு இருக்கையிலே சாப்பிட்டுரு. ராத்திரிக்குன்னு மிச்சம் வைக்காதே. நாளைக்கு இதை வேற ஒண்ணா ஆக்கிராதே."

எனக்கென்று ஒருத்தரும் ஒரு பானை வைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பிள்ளைகளுக்கும் அவருக்கும் போட்டது போகச் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்றால் எனக்குப் போதும். அதுதான் எனக்கு ருசி. தட்டு வைத்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது எப்போது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வருகிறேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

நீ டீ வாங்கப் போயிருந்தபோது ஒரு தடவை திறந்து பார்த்தேன். பார்த்ததும் மூடிவிட்டேன். இப்போது நீயே பார்.

தேங்காய்ச் சோறு. ஒரு முட்டை. அந்த ஓரத்தில் இருக்கிறதே, அதுதான் சீனியவரைக்காய். சாய்த்து வெட்டியிருக்கிறாள். பார்த்தாயா, ஒவ்வொன்றும் இறகு மாதிரி. அவள் ஒருநாளும் அவர் பக்கத்தில் நின்று காய் வெட்டினதில்லை. எங்கே கற்றுக்கொண்டாள்? தட்டில் கிடந்ததை நாள் தவறாமல் பார்த்துப் பார்த்தே கைக்கு வந்துவிட்டதா? அந்த வெட்டால்தானே அவளுக்கு அந்தப் பேரு வந்தது. பிறகு ஏன் அதையே வெட்டினாள்? எனக்காக வெட்டினாளா, அவருக்காக வெட்டினாளா, இல்லை அவள் கைக்கு வேறு வெட்டே வராதா? போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் எனக்குத் தைரியம் இல்லை.

எங்கே, கையை இப்படி மேலே காட்டு. இன்னும் சூடு இருக்கிறது, இல்லையா?

சாயங்காலம் அவள் போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மிச்சம் வச்சியா என்றுதான் முதலில் கேட்பாள். நான் பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குப் பேர் மாற்றி வைத்தது பொய்யில் சேராது. எனக்கோ ஒரு கவளத்துக்கு மேல் இறங்காது. மிஞ்சிவிட்டால் என் கை சும்மா இருக்காது. வீட்டைத் திறந்ததும் இந்தச் சோற்றில் தண்ணீர் தெளித்து எடுத்து வைப்பேன். நாளைக்கு வெங்காயம் நறுக்கிப் போடுவேன். அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

மதுரை வர இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மூடியில் உனக்குப் பாதி வைக்கிறேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடு மக்களே. ஒரு பருக்கைகூட மிஞ்ச விடாதே.